ஒரே அறை, ஒரே ஒலிவாங்கி

ஜனவரி 6, ஞாயிறு

இந்த வருட டயரி சரியில்லை. ஒவ்வொரு வருடமும் அதே கடை, அதே கறுப்பு மட்டை. இம்முறை கோடுகளை நெருக்கி அடித்துவிட்டார்கள். காகிதத்தில் மிச்சம் பிடிக்கிறார்கள் போலிருக்கிறது. என் எழுத்து வரியின் தொடக்கத்தில் கடலையாக இருந்து, முடிவில் கடுகாகிவிடுகிறது.

என் மனைவி மலர் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். "என்னப்பா இது, எறும்பு ஊர்ந்த மாதிரி? முந்தி உங்கடை எழுத்து இப்பிடி இல்லையே."

கோட்டைக் காட்டினேன். போன வருட டயரியை எடுத்துவந்து பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, இரண்டும் ஒரே அளவு என்றாள். அவளுக்குக் கண்பார்வை குறைகிறது. சொன்னால் கோபம் வரும்.

நல்ல செய்தி: டெரிக் தொலைபேசினான். ஆறு வருடத்துக்குப் பிறகு எங்கள் இசைக்குழு பிரேக்வேன் பாய்ஸ் புது இசைத்தட்டுப் போடப் போகிறது. பாய்ஸ் என்று பெயர்தான். நாலு பேரில் இளையவனுக்கு அறுபத்தொன்று.

ஜனவரி 12, சனி

கெட்டரிங்கில் டெரிக்கின் வீட்டுப் பின்புறம் தகரக்கூரை போட்ட ஒரு கராஜ். எங்கள் இசைத்தட்டுகள் எல்லாம் அங்கேதான் பிறந்தவை. நடுவில் ஒரே ஒரு ஒலிவாங்கி. அதைச் சுற்றித் தரையில், யார் எங்கே நிற்பது என்று ஆளுக்கொரு சோக்குக் கோடு. யார் சத்தமாகக் கேட்க வேண்டுமோ அவர் ஒரு அடி முன்னுக்கு வருவார், மற்றவர் பின்னுக்குப் போவார். எல்லாரும் ஒன்றாக வாசிப்போம், ஒலிநாடா ஓடும், அவ்வளவுதான். பிறகு ஒட்டுவது, வெட்டுவது, பூசுவது ஒன்றும் கிடையாது. ஒவ்வொரு இசைத்தட்டு மட்டையின் பின்புறத்திலும் டெரிக் அச்சடித்து வைத்திருப்பான்: "ஒரே அறை, ஒரே ஒலிவாங்கி, ஒரே மூச்சு. பிழை இருந்தால் இருக்கும்." ராக்கபிலி என்ற ஐம்பதுகளின் துள்ளலிசைக்குப் பைத்தியமானவர்கள் ஃபின்லாந்திலிருந்தெல்லாம் கடிதம் எழுதுவது இந்த வசனத்துக்காகத்தான்.

டெரிக் பாட்டும் கிட்டாரும். மால்கம் இன்னொரு கிட்டார். ரோய் ஒரே ஒரு சின்ன டிரம்மை நின்றபடி பிரஷால் தட்டுவான். நான் டபுள் பேஸ். ஆளைவிட உயரமான அந்த வாத்தியத்தை நான் தொட்டதே, யாழ்ப்பாணத்திலிருந்து இங்கிலாந்துக்கு மாணவனாக வந்த காலத்தில் டெரிக்கோடு ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்ததால்தான். "நீ சின்னனில மிருதங்கம் அடிச்சனியெல்லே, இதிலையும் அடி" என்றான். நரம்பைச் சுண்டி விட்டுவிட்டு, உள்ளங்கையால் கட்டையில் சடக்கென்று அடிக்க வேண்டும். அந்தச் சடக்குத்தான் ராக்கபிலி. (டெரிக் பேசுவது ஆங்கிலம்தான். ஆனால் என் மண்டைக்குள் அவன் யாழ்ப்பாணத் தமிழில்தான் பேசுகிறான். அப்படியே எழுதுகிறேன்.)

இன்று போய்ப் பார்த்தால் என் சோக்குக் கோடு இடம் மாறியிருக்கிறது. ஒலிவாங்கியிலிருந்து ஒரு அடி பின்னால் தள்ளி. ரோயின் கோடு எனக்குப் பக்கத்தில் வந்துவிட்டது, முழங்கை இடிக்கும் தூரத்தில். ஏன் என்று கேட்டேன். "சத்தம் இப்பிடி நல்லா வருது" என்றான் டெரிக், என் முகத்தைப் பாராமல். ஒத்திகை முழுக்க ரோய் என் வலக்கையையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் என்ன களவா எடுக்கப்போகிறேன்?

ஜனவரி 15, செவ்வாய்

பொங்கல். மலர் பொங்கிய பொங்கலில் நெய் வாசமே இல்லை. ஏலக்காயும் இல்லை. போட்டேன் என்று சத்தியம் செய்கிறாள். புதுக் கடையில் மலிவுக்கு வாங்கியிருப்பாள். கலப்படம். போன மாதம் மீன்குழம்பும் இப்படித்தான், வெந்நீர் மாதிரி.

கோயிலில் தெரிந்த ஒருவர் வந்து, "என்ன சபாநாதன், ஏதும் கோபமோ?" என்றார். இல்லையே என்றேன். "முகத்தைப் பாத்தா அப்பிடி இருக்கு" என்றார். என் முகம் என் முகம் மாதிரித்தானே இருக்கும்.

ஜனவரி 18, வெள்ளி

டெரிக்கின் மனைவி பவுலின் இன்று தொலைபேசினாள். என்னோடு பேச அல்ல. மலரோடு. இத்தனை வருடத்தில் இந்த இரண்டு பேரும் கிறிஸ்மஸ் வாழ்த்தைத் தாண்டிப் பேசியதில்லை.

ஜனவரி 22, செவ்வாய்

மருந்துக்கடையில் என் முறை. ஓய்வு பெற்ற பிறகும் வாரத்தில் இரண்டு நாள் போகிறேன். சும்மா இருந்தால் துருப்பிடித்துவிடுவேன்.

இந்த ஊரில் எல்லாருக்கும் காது மந்தமாகிவிட்டது. ஒவ்வொன்றையும் இரண்டு தரம் சொல்ல வேண்டியிருக்கிறது. குழந்தைகள் திறக்காதபடி மூடிகளைச் செய்கிறோம் என்று, பெரியவர்களும் திறக்க முடியாதபடி செய்துவைத்திருக்கிறார்கள். ஒரு மூடியோடு மல்லுக்கட்டியதில் மாத்திரைகள் தரையெல்லாம் சிந்தின.

மிஸிஸ் ஹொப்ஸ் கணவரின் மருந்தை வாங்க வந்தாள். அந்த மனிதரை எனக்கு நன்றாகத் தெரியும். நடுக்கம், குறுகிய நடை, கல்லாகிப்போன முகம். பாவம். முதன்முதலில் அவருக்கு இது வந்தபோது என்னென்ன அறிகுறிகளைக் கவனிக்க வேண்டும் என்று இந்த மேசையில் நின்று அவளுக்கு விளக்கியவனே நான்தான். இன்று பையைக் கொடுக்கும்போது என் கையைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "நீங்கள் ஆரிட்டையும் காட்டினனீங்களா?" என்று மெல்லக் கேட்டாள். என்னத்தைக் காட்ட? மாத்திரைக்கு அடுத்தபடியாக வம்புதான் இவளுக்கு மருந்து.

ஜனவரி 26, சனி

ஒலிப்பதிவு நாள். காலையிலிருந்து மழை. தகரக்கூரையில் சடசடவென்று அடித்தது. மத்தியானம் விட்டது, தேநீருக்குப் பிறகு மறுபடி பிடித்தது. டெரிக்குக்கு அது ஒரு பொருட்டேயில்லை. மழை பெய்தால் மழையும் நாடாவில் விழும், அதுவும் அறையின் சத்தம்தானே என்பான்.

வேலைதான் நன்றாகப் போகவில்லை. வேகமான பாட்டுகள் ஆறு. ஒவ்வொன்றையும் திரும்பத் திரும்ப வாசித்தோம். முன்பெல்லாம் இரண்டாம் தரத்தில் முடிந்துவிடும். ரோய் இழுத்து அடிக்கிறான். ஓட வேண்டிய இடத்தில் தயங்குகிறான், மால்கமும் அவனோடு சேர்ந்து தேங்குகிறான். நான் பொறுக்க முடியாமல், "ரோய், உனக்கு வயசு போட்டுது, பாட்டை இழுக்கிறாய்" என்று சொல்லியே விட்டேன். மால்கம் வாயைத் திறந்தான். ரோய் அவனை முழங்கையால் இடித்துவிட்டு, "ஓம் சபா, பிழை என்னிலதான்" என்றான்.

எனக்கே ஒரு மாதிரியாகிவிட்டது. நல்ல மனிதன். ஆனால் உண்மையை யாராவது சொல்லத்தானே வேண்டும்.

ஒரு விஷயம் சரியாகப் படவில்லை. பதிவு முடிந்த அன்றே நாலு பேரும் உட்கார்ந்து எல்லாவற்றையும் போட்டுக் கேட்டு, கையைத் தூக்கித்தான் எது தட்டில் போவது என்று முடிவெடுப்போம். தொடக்க நாளிலிருந்து இதுதான் வழக்கம். இன்று டெரிக், "எல்லாரும் களைச்சுப் போனம், நானே பாத்துத் தெரிவு செய்யிறன்" என்றான். மற்ற இருவரும் உடனே தலையாட்டினார்கள். முன்பே பேசி வைத்தவர்கள் மாதிரி.

ஜனவரி 27, ஞாயிறு

சட்டைப் பொத்தான் போட மலரைக் கூப்பிட வேண்டியதாயிற்று. புதுச் சட்டை. பொத்தான் துளை சின்னது.

பெப்ரவரி 9, சனி

என் பேஸின் உறையை விட்டுவிட்டு வந்ததாகச் சாட்டுச் சொல்லிக்கொண்டு கராஜுக்குப் போனேன். உண்மையில் உறை என் வானுக்குள்ளேயே இருந்தது. வேவுக்குத்தான் போனேன், ஒளிப்பானேன்.

டெரிக் என்னைக் கண்டதும் எதையோ ஒரு பெட்டிக்குள் போட்டு மூடினான். தரையில் துண்டு துண்டாகப் பழுப்பு நாடா கிடந்தது. மேசையில் ஒரு சவர பிளேடு. பிளேடு! இந்தக் கராஜுக்குள் தாடியை மழிக்கக்கூடப் பிளேடு வரக்கூடாது என்று சொன்ன மனிதன் இவன்.

"என்னடா இது?" என்றேன்.

"பழைய நாடா ஒண்டு அறுந்து போச்சு" என்றான். காது சிவந்துவிட்டது. வெள்ளைக்காரனுக்குப் பொய் சொல்ல வராது என்பதல்ல. சொன்னால் காதில் தெரிந்துவிடும்.

இரவுச் சாப்பாட்டின்போது எல்லாவற்றையும் அடுக்கிப் பார்த்தேன். கோட்டைப் பின்னால் தள்ளினார்கள். கையை வேவு பார்த்தார்கள். தெரிவில் என்னைச் சேர்க்கவில்லை. இப்போது பிளேடு. பக்கத்து ஊர் கோர்பியில் கிரெய்க் என்று ஒருத்தன் இருக்கிறான், கழுத்துவரை பச்சை குத்திக்கொண்டு, பேஸை முதுகில் தூக்கியபடி மேடையில் ஆடுவான். போன கோடையில் டெரிக் அவனோடு வெகுநேரம் கதைத்துக்கொண்டு நின்றதை நான் கண்டேன். விஷயம் இதுதான். எனக்குத் தெரியாமல் அவனை வைத்து வாசித்து, என்னை வெட்டி எறிகிறார்கள்.

மலரிடம் சொன்னேன். அவள் சோற்றைப் பிசைந்தபடியே, "டெரிக் அப்பிடிச் செய்யிற ஆளில்லை" என்றாள். அவளுக்கு எப்படித் தெரியும்?

பெப்ரவரி 17, ஞாயிறு

குளித்துவிட்டு மாடியிலிருந்து இறங்கும்போது மலர் தொலைபேசியில் ஆங்கிலத்தில் சொல்வது கேட்டது: "இப்ப அவருக்குச் சொல்ல வேண்டாம், பவுலின். முதலிலை தட்டு வரட்டும்."

என் வீட்டுக்குள்ளேயே. என் மனைவி. படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இறங்கவும் மனமில்லை, கால்களும் உடனே எழும்பவில்லை.

மார்ச் 23, சனி

விற்பனைக்கு அச்சடிக்கும் முன் கேட்டுப்பார்க்க அனுப்பும் சோதனைத் தட்டு தபாலில் வந்தது. மலர் பார்த்திருக்க, ஊசியை நானே வைக்கப் போய் அது வழுக்கிக் கீறப் பார்த்தது. அவள் வாங்கி வைத்தாள்.

வாசிப்பது நான்தான்! கிரெய்க் இல்லை, வேறு எவனும் இல்லை. சொந்தக் கை அடித்த சடக்கு எவனுக்கும் தெரியும். ஆறு பாட்டிலும் நான்தான், இம்மியும் பிசகாமல், குதிரை மாதிரி. இருபது வயதில்கூட இவ்வளவு நன்றாக வாசித்ததில்லை. எழும்பி நின்று கைதட்டினேன். இத்தனை நாள் அநியாயமாகச் சந்தேகப்பட்டேனே என்று வெட்கமாகவும் இருந்தது.

மலர் சிரிக்கவில்லை. "நல்லாயிருக்கு" என்றுவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

மார்ச் 24, ஞாயிறு

காலையில் மறுபடி போட்டேன். சந்தோஷத்தில் கேட்பதும் நிதானமாகக் கேட்பதும் வேறு.

இரண்டாவது பாட்டு. தொடக்கத்தில் தகரக்கூரையில் மழை. பாட்டின் பல்லவியில் மழை இல்லை. அடுத்த சரணத்தில் நடுவரியிலிருந்து மழை. கிட்டார் வரும்போது திடீரென்று நின்றுவிடுகிறது. இரண்டே நிமிடப் பாட்டு. கெட்டரிங் மழை எவ்வளவு கோணல் புத்தி பிடித்ததானாலும் இப்படிப் பெய்யாது. மற்றப் பாட்டுகளையும் கேட்டேன். ஆறிலும் இதே கதை.

வெட்டி ஒட்டியிருக்கிறான். காலை வாசித்ததில் ஒரு துண்டு, மாலை வாசித்ததில் ஒரு துண்டு.

வானை எடுத்துக்கொண்டு நேரே போனேன். பவுலின் கதவைத் திறந்து கராஜைக் காட்டினாள். டெரிக் எழும்புவதற்குள் கத்தினேன்.

"மட்டையில என்ன எழுதியிருக்கிறாய்? ஒரே மூச்சு எண்டு! ஊரை ஏமாத்திறியோ? எதுக்காக வெட்டினனி?"

டெரிக் பெட்டியிலிருந்து ஒரு நாடாவை எடுத்தான். "இது வெட்டாதது. இதிலை ஒரு பிரதி எடுத்து, அதைத்தான் வெட்டினனான். இரு, கேள்" என்று ஓடவிட்டான்.

கேட்டேன்.

முதல் கொஞ்ச நேரம் எல்லாம் சரி. பிறகு பேஸ் பின்தங்குகிறது. பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற கிழவனைப் போல. சடக்கு விழ வேண்டிய இடத்தில் விழவில்லை, விழக்கூடாத இடத்தில் இரண்டாக விழுகிறது. ரோயின் பிரஷ் தயங்குகிறது. மால்கம் ஒரு சுரத்தை நீட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். டெரிக் பாட்டு வரியை இழுக்கிறான். மூன்று பேரும் காத்து நிற்கிறார்கள். பேஸ் வந்து சேருகிறது. மறுபடி ஓடுகிறார்கள். மறுபடி காத்து நிற்கிறார்கள். அடுத்த தரமும் அப்படி. அதற்கடுத்ததும் அப்படி. அன்று ரோய் இழுக்கவேயில்லை.

"நிப்பாட்டு" என்றேன். நிறுத்தினான்.

"கை தூக்கித்தான் முடிவெடுத்தனாங்கள், சபா. நீ இல்லாமல் மூண்டு பேரும்" என்றான். "வேறை ஆளை எடுக்கிறதோ, பிளேடை எடுக்கிறதோ எண்டு. மூண்டு கையும் பிளேடுக்கு."

"அப்ப மட்டையில இருக்கிற வசனம்?"

"எடுத்திட்டன்." புது மட்டையின் அச்சுப்பிரதியைக் காட்டினான். பின்புறம் வெறுமையாக இருந்தது.

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!"

"கேட்டிருந்தா ரோய் இழுக்கிறான் எண்டிருப்பாய்."

அவனை அடிக்க வேண்டும் போல இருந்தது. கட்டிப்பிடிக்க வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் வந்துவிட்டேன்.

மார்ச் 25, திங்கள்

மருந்துக்கடைக்குப் போகவில்லை.

மார்ச் 26, செவ்வாய்

நான் ஒரு மருந்தாளன். எழுத்துச் சிறுத்தால் என்ன அர்த்தம், வாசம் போனால் என்ன, குரல் இறங்கினால் என்ன, முகம் கல்லானால் என்ன என்று மேசைக்கு இந்தப் பக்கம் நின்று எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன். இந்த டயரியில் அந்தப் பெயரை எழுதாமலிருக்க டயரிக்காரனைத் திட்டினேன், நெய்க்காரனைத் திட்டினேன், பொத்தான் துளையைத் திட்டினேன். பார்க்கின்சன். எழுதிவிட்டேன். டாக்டர் இன்னும் சொல்லவில்லை, ஆனால் எனக்குத் தெரியும். தை பிறக்க முதலே தெரியும்.

பயமாக இருக்கிறது. வேறு என்ன எழுத?

மலரைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னேன். நான் வாயெடுக்கும் முன்பே அழத் தொடங்கிவிட்டாள். "ஒரு சொல்லுச் சொன்னாலே எரிஞ்சு விழுந்தியள். நான் ஆரிட்டைச் சொல்லி அழ? பவுலின்ரை தமையனுக்கும் இதுதான். அவதான் எந்த டொக்டரிட்டைப் போறது எண்டு சொல்லித் தந்தவா. வாற மாசம் நாள் எடுத்து வைச்சிருக்கிறன். தட்டு வந்து உங்களுக்குச் சந்தோசமா ஒரு நாள் போகட்டும், பிறகு சொல்லுவம் எண்டிருந்தன்."

அந்த ஒரு நாள் எனக்குக் கிடைத்தது. எழும்பி நின்று கைகூடத் தட்டினேன். அவள் அடுப்படிக்குள் போய் என்ன செய்திருப்பாள் என்று இப்போது தெரிகிறது.

ஏப்ரல் 6, சனி

மற்ற மூவரையும் கராஜுக்கு வரச் சொன்னது நான். முதலில் ரோயிடம் மன்னிப்புக் கேட்டேன். "எதுக்கு?" என்றான். உண்மையாகவே மறந்துவிட்டானா, நடிக்கிறானா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

பிறகு சொன்னேன். வெட்டிய நாடா வெளியே போகக்கூடாது. அது நான் வாசித்ததல்ல, டெரிக்கின் பிளேடு வாசித்தது. வேகமான ஆறு பாட்டையும் கிரெய்க்கை வைத்துப் புதிதாகப் பதிய வேண்டும், ஒரே மூச்சில். மட்டையில் அவன் பெயர் போக வேண்டும், அந்த வசனமும் திரும்ப வர வேண்டும்.

"நீ?" என்றான் மால்கம்.

"ராக்கபிலிக்கு ஓட வேணும். என்னாலை இனி ஏலாது. ப்ளூஸுக்கு மெல்ல நடந்தாலே காணும். கடைசியா ஒரு ப்ளூஸ் பாட்டுச் சேர்ப்பம், அதை நான் வாசிக்கிறன். வெட்டாமல்."

டெரிக் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு விருப்பமில்லை. எனக்கு மட்டும் விருப்பமா? அந்தக் கழுத்துப் பச்சைக்காரன் என் கோட்டில் நிற்பதை நினைத்தாலே வயிறு எரிகிறது. அவன் நல்லாய் வாசிப்பான் என்பதை நினைத்தால் இன்னும் எரிகிறது. வாக்கெடுப்பம் என்றேன். நான்தான் முதலில் தூக்கினேன், வலக்கையை. அது தன் பாட்டுக்கு ஆடியது. காற்சட்டைப் பையிலிருந்து எடுத்து அவர்கள் முன்னால் இப்படிக் காட்டியது இதுதான் முதல்முறை. ரோய் தூக்கினான், பிறகு மால்கம். டெரிக் கடைசியாக.

கிரெய்க் அடுத்த சனி வருவான். என் பாட்டை இன்றே எடுத்துவிடுவோம் என்றேன், நாளைக்குக் கை எப்படி இருக்குமென்று யார் கண்டார்?

மெதுவான ப்ளூஸ் ஒன்று. மற்ற மூவரையும் பின்னுக்குப் போகச் சொல்லிவிட்டு, டெரிக் என்னை ஒலிவாங்கிக்கு முன்னால் நிறுத்தினான். வழக்கமாக ஒன்று, இரண்டு என்று எண்ணித் தொடங்குவது ரோய். இன்று அவன் எண்ணவில்லை.

"நீ நட, நாங்கள் வாறம்" என்றான் டெரிக்.

நடந்தேன். வந்தார்கள். இரண்டாவது சரணத்தில் கை நின்றுவிட்டது. பாட்டும் நின்றது. நாடா ஓடிக்கொண்டிருந்தது, யாரும் இருமக்கூட இல்லை. பிறகு கை வந்தது, பாட்டும் வந்தது. முடிந்ததும் டெரிக் அந்த இடத்தை மட்டும் திருப்பிப் போட்டுக் கேட்டான். இன்னொரு தரம் வாசிப்போமா என்றேன்.

"ஏன்?" என்றுவிட்டு நாடாவைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்தான்.